கட்டி அவர்களின் சமூகத்துக்கு

அனுப்புநர்: சித்தூர் கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதிப் பிழைப்பவள்.

பெறுநர்: ம-ள-ள-ஸ்ரீ மெனிஞ்சியோமா அவர்கள் (மிச்சம்), மண்டை ஓட்டுக்கு உள்புறம், உச்சிக்கு நேர் கீழே, பெரிய ரத்தக்குழாய் ஓரம்.

பொருள்: தங்கள் வளர்ச்சியை மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கக் கோருதல்.

பார்வை: டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசிப் பத்தி.

ஐயா,

தங்களை ஐயா என்று விளிப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்களைவிடப் பெண்களிடமே தாங்கள் அதிகம் குடியேறுகிறீர்கள் என்று டாக்டர் சொன்னார். கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்து, வாடகை தராமல் உட்கார்ந்து, வீட்டுக்காரியையே ஓரமாகத் தள்ளுகிறவரை எங்கள் பக்கம் ஐயா என்றுதான் அழைத்துப் பழக்கம்.

தங்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மூளையிலிருந்து ரத்தம் வடிந்து இறங்குகிற பெருங்குழாயோடு ஒட்டிக்கிடந்த கொஞ்சத்தை மட்டும், சுரண்டப் போனால் குழாயே கிழிந்துவிடும் என்று விட்டுவைத்தார்கள். பையாப்சியில் முதல் கிரேடு. "நல்ல கட்டிம்மா, பயப்படாதீங்க" என்றார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளரலாம், வளராமலே கிடக்கவும் கிடக்கலாம். வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஆக, இனிமேல் தாங்களும் நானும் ஒரே ரேஷன் கார்டு.

பதில் வராத இடங்களுக்கு எழுதுவதுதான் என் தொழில். பட்டா மாறாதவர், பென்ஷன் நின்றவர், மருமகனிடம் அடிவாங்கியவர் எல்லாருக்கும் எழுதுகிறேன். தமிழில் சொல்லி அழுவார்கள், தெலுங்கில் எழுதித் தருவேன். 1953இல் ஆந்திராவோடு போன மாவட்டம் இது. இங்கே பல குடும்பங்களுக்கு வாய் ஒரு மொழி, காகிதம் ஒரு மொழி. கலெக்டருக்கு எழுதும் அதே மரியாதையோடுதான் தங்களுக்கும் எழுதுகிறேன். தங்களிடம் கூடுதலாக ஒரு நம்பிக்கையும் உண்டு. தங்களுக்கு வைத்த பெயரிலேயே இருக்கிறவர் தாங்கள்.

1922இல் ஹார்வி குஷிங் என்கிற அமெரிக்க சர்ஜன் தங்களுக்கு மெனிஞ்சியோமா என்று பெயர் வைத்தார். நூறு வருஷம் தாண்டியாயிற்று, அதே பெயர்தான். ஆட்சி மாறிவிட்டது என்று தாங்கள் ஒருநாளும் போர்டை மாற்றி எழுதியதில்லை. தங்களை எடுப்பதற்குப் பணம் தருகிற திட்டம் இருக்கிறதே, அதன் ஜாதகத்தைக் கேளுங்கள். 2007இல் பிறந்தபோது அதன் பெயர் ராஜீவ் ஆரோக்யஸ்ரீ. மாநிலம் இரண்டாகி சந்திரபாபு வந்ததும் என்.டி.ஆர். வைத்ய சேவா. 2019இல் ஜெகன் வந்ததும் ஒய்.எஸ்.ஆர். ஆரோக்யஸ்ரீ. 2024இல் மறுபடி சந்திரபாபு, மறுபடி டாக்டர் என்.டி.ஆர். வைத்ய சேவா. ஒவ்வொரு தடவையும் படம் மாறும், ஆஸ்பத்திரி வாசலில் ஃப்ளெக்ஸ் மாறும். பழைய போர்டு யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்காவது கூரையாகும். திங்கட்கிழமை குறைதீர் நாளைக்கூட விடவில்லை. ஜெகன் காலத்தில் அதற்கு ஸ்பந்தனா என்று பெயர். இப்போதைய பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மனு கொடுக்க வந்த கிழவிக்கு மூச்சு வாங்குகிறது. விஜயவாடாவில் டாக்டர் பட்டம் தருகிற பல்கலைக்கழகத்தில் 2022இல் என்.டி.ஆரைத் தூக்கிவிட்டு ஒய்.எஸ்.ஆரை வைத்தார்கள். 2024இல் ஒய்.எஸ்.ஆரைத் தூக்கிவிட்டு என்.டி.ஆரை வைத்தார்கள். சட்டசபையில் இதற்காக மசோதா கொண்டுவந்து, விவாதம் செய்து, மேஜையைத் தட்டினார்கள் ஐயா. ஒய்.எஸ்.ஆர். நிஜமாகவே எம்.பி.பி.எஸ்.; திருப்பதியில்தான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தார். மற்றவர் கௌரவ டாக்டர். இரண்டு டாக்டர்களும் காலமாகிவிட்டார்கள். உயிரோடு இருக்கிற நியூரோ டாக்டர் செவ்வாய், வெள்ளி மட்டும் வருவார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் யோக்கியம் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் பெயரில் காப்பீடு வந்தது. 2012இல் அந்த அம்மா அதை எடுத்துவிட்டு வேறு கொண்டுவந்தார். ஆனால் அதற்கு வெறுமனே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்று பெயர் வைத்தார்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் பொருந்துகிற பெயர். அரசியலில் இதைத்தான் சிக்கனம் என்பது.

தாங்கள் எப்போது குடிவந்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. காலையில் கண் விழித்ததும் தலைவலி, பல் துலக்கும்போதே வாந்தி. ஒரு டாக்டர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். இன்னொருவர் கேஸ் என்று சொல்லி, வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை எழுதினார். அதற்கப்புறம் பார்த்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சீட்டில் வயதைப் பார்த்தார். "மாதவிலக்கு நிக்கிற வயசும்மா, எல்லாம் இருக்கும், மனசைச் சந்தோஷமா வச்சுக்கோங்க" என்றார். எங்கள் ஊரில் ஆண் மயங்கி விழுந்தால் ஹார்ட்; பெண் மயங்கி விழுந்தால் விரதம். கடைசியில் ஒருநாள் மனு எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது கால் வெட்டி வெட்டி இழுத்து, பேனா எங்கேயோ போய், நினைவு தப்பியது. அப்போதுதான் மனசைவிட்டு மண்டைக்கு வந்தார்கள்.

"எலுமிச்சம்பழம் சைஸ் இருக்கு" என்றான் ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்ன பையன். இந்த வைத்தியத்தில் எல்லா அளவும் பழக்கடையில்தான் எடுக்கிறார்கள். மாங்காய்க்குப் பேர்போன மாவட்டத்தில் எலுமிச்சையோடு நின்றதற்குத் தங்களுக்கு நன்றி.

மாங்காய் என்றதும் பணம் ஞாபகம் வருகிறது. ஆபத்துக்கு உதவ வேண்டியது தம்பியின் தோப்பு. 2025 சீசனில் இங்கே தோத்தாபுரியின் கதி என்னவென்று பேப்பரில் வந்தது தெரியுமல்லவா? கூழ் ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு மேலே 4 ரூபாய் போடும் என்று அறிவித்தார்கள். அந்த 8 ரூபாய்க்கே ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. வரிசையில் நிற்கும்போதே காய் பழுத்து, பழம் அழுகி, ரோட்டில் கொட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. என் தம்பி கொட்டவில்லை. விற்றான், விற்றதற்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். சீட்டைக் கொண்டு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது. மூன்று வட்டிக்கு வாங்கினோம்.

கடன் தர யோசித்தவர்கள் யோசனை தருவதற்கு யோசிக்கவே இல்லை. முள் சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடி. கோமியம் குடி. சோடா உப்பில் எலுமிச்சை பிழி. எலுமிச்சைக்கு எலுமிச்சையே மருந்து. கத்தி பட்டால் பரவிவிடும், அறுக்காமல் கரைத்துவிடலாம், ஒரு மண்டலத்துக்கு இத்தனை ஆயிரம் என்று போனில் ஒருவர் உத்தரவாதமே கொடுத்தார். 1954லேயே சட்டம் இருக்கிறது ஐயா. கட்டிக்கும் புற்றுக்கும் மருந்து இருக்கிறது என்று விளம்பரம் செய்வதே குற்றம். அந்தச் சட்டத்துக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அதுவும் ஏதோ ஓ.பி. வரிசையில்தான் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். கரைப்பதாகச் சொன்னவரிடம் தங்களை ஒப்படைத்திருந்தால் கரைந்திருப்பது என் கண்பார்வையும் தம்பியின் தோப்பும்தான்.

நான் எந்தத் திட்டத்தில், எந்த ஆஸ்பத்திரியில், எந்த மேஜைக்கு முன்னால் காத்திருந்தேன் என்று இதில் எழுதப்போவதில்லை. அடுத்த எம்.ஆர்.ஐ.க்கு அதே மேஜைக்குத்தான் போக வேண்டும். ஊரறிந்ததை மட்டும் சொல்கிறேன். தங்களைப் போன்றவர்களை எடுத்துவிட்டு, அரசு பணம் தரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகள் 2024 மே மாதம் சேவையை நிறுத்தின. ஓட்டுப் போட்டாகிவிட்டது, எண்ணவில்லை, யார் மந்திரி என்றே தெரியாத இடைவெளி. ஆட்சி மாறியது. 2025 ஏப்ரலில் மறுபடி நிறுத்தின. அக்டோபரில் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் பாக்கி ஆயிரக்கணக்கான கோடி என்று ஆஸ்பத்திரிகள் சொல்லும், கொஞ்சம் விடுவித்துவிட்டோம் என்று அரசு சொல்லும். பழைய ஆட்சியின் பாக்கி என்று புது மந்திரி சொல்வார். நாங்கள் இருந்தபோது இப்படியா என்று பழைய மந்திரி கேட்பார். இதற்கெல்லாம் முன்னால்தான் உச்சவரம்பை 5 லட்சத்திலிருந்து 25 லட்சம் ஆக்கினார்கள்; 2023 டிசம்பர், தேர்தலுக்கு முந்திய டிசம்பர். 5 லட்சம் பாக்கி வைக்கிறவனுக்கு 25 லட்சம் வரை பாக்கி வைக்கலாம் என்று அனுமதி கொடுப்பதைத் தாராளம் என்று ஃப்ளெக்ஸில் போட்டார்கள்.

தங்களுக்கு வேலைநிறுத்தம் தெரியாது. பாக்கிக்காகத் தாங்கள் ஒருநாளும் வளர்வதை நிறுத்தியதில்லை. தேர்தல் விதிமுறை தங்களைக் கட்டுப்படுத்தாது. கோப்பு மங்களகிரிக்குப் போயிருக்கிறது, சார் லீவு, சர்வர் டவுன், ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ரேஷன் கார்டில் பின்னால் இருக்கிறது என்றெல்லாம் தங்களிடம் சொல்லி அவகாசம் வாங்க முடியாது. கட்டி வந்த ஏழையிடம் எல்லாரும் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். நாள். பணம் உள்ளவன் பணத்தைக் கொடுத்து நாளை வாங்குகிறான். பணம் இல்லாதவன் நாளைக் கொடுத்துக் கையெழுத்தை வாங்குகிறான். எந்தப் பில்லிலும் இந்த வரி வராது.

இந்த வியாபாரத்தை எங்களுக்குக் கற்றுத்தர வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டாம். பெருமாளே எங்கள் ஊரில்தான் இருக்கிறார். 300 ரூபாய்க்கு ஒரு வரிசை. ஸ்ரீவாணி டிரஸ்டுக்கு 10,000 ரூபாய் காணிக்கையும் மேலே 500 ரூபாய் டிக்கெட்டும் என்றால் வி.ஐ.பி. பிரேக் வரிசை. எம்.எல்.ஏ. கடிதம் இருந்தால் அதற்கொரு வழி. ஒன்றும் இல்லாதவனுக்குச் சர்வ தரிசனம். வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் கம்பார்ட்மென்ட்டுக்குள் உட்காரவைத்துப் பூட்டுவார்கள். ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பூட்டிவைத்தாலும் பாலும் சோறும் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் அதுவும் கிடையாது.

எம்.எல்.ஏ. ஆபீசில் எழுதித்தர இரண்டு வகைக் கடிதம் உண்டு. ஒன்று சாமியைப் பார்க்க, இன்னொன்று முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து ஆபரேஷனுக்குப் பணம் கேட்க. ஒரே லெட்டர்பேட், ஒரே ரப்பர் ஸ்டாம்ப், ஒரே பி.ஏ. சாமிக் கடிதம் அன்றைக்கே கிடைத்துவிடும். அதைக் கேட்டு வருகிறவர் நல்ல சட்டை போட்டிருப்பார். ஆபரேஷன் கடிதத்துக்கு ரிப்போர்ட் நகல், எஸ்டிமேட் நகல், ஆதார் நகல், "எந்த பூத்தும்மா நீங்க?" என்கிற கேள்வி. பிறகு செக் வரும். வாங்கும்போது ஃபோட்டோ உண்டு. தையல் பிரிக்காத தலையோடு நிற்க வேண்டும். அண்ணன் சிரிப்பார், நாமும் சிரிக்க வேண்டும். நம் வரிப்பணம் நமக்கு வருவதற்கு நாம் நன்றி சொல்லும் படம் மறுநாள் ஜில்லா எடிஷனில் வரும்.

வரிசை சாகடிக்கும் என்பதையும் எங்கள் ஊர் நிரூபித்துவிட்டது. 2025 ஜனவரி 8. வைகுண்ட ஏகாதசிக்கு இலவச டோக்கன் வாங்கத் திருப்பதியில் நின்றவர்களில் 6 பேர் நெரிசலில் செத்தார்கள். சாமியைப் பார்ப்பதற்கு அல்ல ஐயா, சாமியைப் பார்க்க எந்த நாளில் வரிசையில் நிற்கலாம் என்கிற சீட்டுக்கு. 10,500 ரூபாய் வரிசையில் யாரும் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இத்தனைக்கும் வைத்தியத்துக்குப் பஞ்சமான பூமி அல்ல இது. தாங்கள் குடியேற நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். இங்கிருந்து 35 கிலோமீட்டரில் வேலூர். 1949இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மூளை ஆபரேஷனுக்கென்று தனித்துறையை ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தது அங்கேதான். மறுவருஷமே மெட்ராஸில் பி. ராமமூர்த்தி ஆரம்பித்தார். திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் 1993லிருந்து இருக்கிறது. அலிபிரிக்குப் பக்கத்தில் டாடா டிரஸ்டின் புற்றுநோய் ஆஸ்பத்திரி, 2018இல் சந்திரபாபு அடிக்கல் நாட்டி, 2022இல் ஜெகன் திறந்துவைத்தது. ஆளுக்கொரு ஃபோட்டோ கிடைத்ததால் அதற்கு மட்டும் பெயர் மாற்றும் யோகம் வரவில்லை.

அரகொண்டாவைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சித்தூர் மாவட்டத்துக் கிராமம். அப்பல்லோவைத் தொடங்கிய பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். வெளிநாட்டுக்குப் போய் ஹார்ட் ஆபரேஷன் செய்துகொள்ளப் பணம் புரட்ட முடியாமல் ஒரு நோயாளி செத்ததைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரி கட்டினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1983இல் மெட்ராஸில் கட்டினார். 2019இல் தரமணியில் புரோட்டான் கதிர் சிகிச்சையே வந்துவிட்டது. தங்கள் உறவினர்கள் பலரை அங்கே சுடுகிறார்கள். 2000ஆம் வருஷம் மார்ச் 24ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் ஹைதராபாத்துக்கு வந்து, செயற்கைக்கோள் வழியாக அரகொண்டா ஆஸ்பத்திரியின் தொலைமருத்துவத்தைத் தொடங்கிவைத்தார். அமெரிக்க ஜனாதிபதிக்குச் செயற்கைக்கோள் வழியாக அரகொண்டா தெரிந்துவிட்டது. அரகொண்டா விவசாயக் கூலிக்கு, தன் ஊர்க்காரர் கட்டிய ஆஸ்பத்திரியின் பில் கவுன்ட்டர் மட்டும் எட்டாத தூரத்தில் தெரிகிறது. பணமில்லாமல் ஒருவன் செத்ததைப் பார்த்துப் பிறந்த தொழில், பணமிருப்பவன் சாகாமல் பார்த்துக்கொள்ளும் தொழிலாக வளர்ந்துவிட்டது. தங்களுக்கு முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு உண்டு. இந்த வளர்ச்சிக்கு எந்த கிரேடு என்று பார்க்க ஒரு பையாப்சியும் கிடையாது.

குப்பம் தொகுதி 1989லிருந்து சந்திரபாபுவுடையது, எங்கள் மாவட்டம்தான். அவர் பிறந்த நாராவாரிபள்ளி திருப்பதிக்குப் பக்கம். முதலமைச்சர் எங்கள் ஊர், கார்ப்பரேட் ஆஸ்பத்திரியின் அப்பன் எங்கள் ஊர், வருஷத்துக்கு ஐயாயிரம் கோடிக்கு மேல் பட்ஜெட் போடுகிற பெருமாள் எங்கள் ஊர். இப்படிப்பட்ட ஊரில், 2021 மே 10ஆம் தேதி ராத்திரி, திருப்பதி ருயா அரசு ஆஸ்பத்திரியில் கோவிட் நோயாளிகள் 11 பேர் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து செத்தார்கள். டேங்கர் வரச் சில நிமிஷம் தாமதமாம். மறுவருஷம் ஏப்ரலில் அதே ஆஸ்பத்திரியில் செத்துப்போன தன் சின்னப் பையனை ஒரு தகப்பன் மோட்டார் சைக்கிளில் 90 கிலோமீட்டர் கொண்டுபோனான். வாசலில் நிற்கும் தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். குறைந்த வாடகைக்கு வெளியிலிருந்து வந்த வண்டியையும் விரட்டினார்கள். பிணத்துக்கும் வி.ஐ.பி. பிரேக் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். கூச்சல் எழுந்தது, சஸ்பெண்ட் செய்தார்கள், கமிட்டி போட்டார்கள். கமிட்டிகளைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது. அவையும் வளர்ச்சிதான், ஆனால் அழுத்தாது, வலிக்காது.

என் ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கிலீஷில் இருந்தது. ஊராருக்கெல்லாம் படிவம் படித்துச் சொல்கிறவள் நான். தெலுங்கில் தாருங்கள், தமிழில் இருந்தால் இன்னும் நல்லது என்றேன். "அதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா, இங்கே இங்கே சைன் பண்ணுங்க" என்றாள் அந்தப் பிள்ளை. பக்கவாதம் வரலாம், பேச்சு போகலாம், உயிர் போகலாம் என்று எழுதியிருந்ததாம். என் உயிர் போவதற்கு நான் சம்மதித்தது எனக்குப் புரியாத மொழியில், பக்கத்துக்கு ஒரு கையெழுத்தாக, கடைசிப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகையோடு. ஆம்பளைத் துணையின் கையெழுத்தும் வேண்டுமாம். மண்டை என்னுடையது என்று சொல்லிப் பார்த்தேன்; கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

மண்டையைத் திறக்க முடியை மழித்தார்கள். வேறு ஊரானால் மொட்டைத் தலையோடு ஒரு பெண் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். ரிவ்யூவுக்குப் போகும் வழியில் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன், ஒருத்தரும் திரும்பவில்லை. "தர்சனம் பாகா அயிந்தா அம்மா?" என்றார் ஆட்டோக்காரர். முந்தானையை விலக்கி, காதிலிருந்து உச்சிவரை போகிற தையலைக் காட்டினேன். அவர் உச்சுக்கொட்டினார். "கல்யாண கட்டாவுல புது ஆளாம்மா? பிளேடு இப்படியா வைக்கிறது?" என்றார். மலையில் கல்யாண கட்டாவில் கொடுக்கிற முடியை ஏலம் விடுகிறார்கள், வருஷத்துக்கு நூறு கோடிக்கு மேல் வருமானம். என் முடி ஆஸ்பத்திரிக் குப்பைக் கூடைக்குப் போனது. அதற்குப் பில்லில் தனியாக ஒரு வரி போட்டு என்னிடமே பணம் வாங்கினார்கள். வேண்டுதல் எதுவும் இல்லாமல் இத்தனை செலவில் மொட்டை போட்டவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு தேறினேன் என்று எல்லாரும் சொன்னார்கள். மூளை வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டில் முகம் உப்பி, கன்னம் பளபளவென்று ஆனது. "நல்லா இருக்கியேடி, ஆஸ்பத்திரி சோறு ஒத்துக்கிச்சு" என்றாள் நாத்தனார். சர்க்கரை ஏறியது அவளுக்குத் தெரியாது. வலிப்பு மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது. அதைப் போட்டால் எரிச்சல் வரும், எரிச்சல் பட்டால் "ஆபரேஷனுக்கு அப்புறம் இவளுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி" என்று பேச்சு வரும். போன ஜென்மத்துப் பாவம் என்றார்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள். இந்த ஜென்மத்துப் பாக்கி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மரத்தடிக்குத் திரும்பி முதல் மனு எழுத உட்கார்ந்தபோது 'வாரிசு' என்கிற வார்த்தை வரவில்லை. எதிரே விதவை உட்கார்ந்திருக்கிறாள், புருஷன் நிலத்தைக் கேட்டு வந்திருக்கிறாள், எனக்கு அந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கையை ஆட்டி ஆட்டி அவளையே சொல்லவைத்தேன். இப்போது பரவாயில்லை, வருகிறது, கொஞ்சம் லேட்டாக வருகிறது. அரசாங்கத்துக்கு எழுதுகிறவளுக்கு அது ஒரு குறையாகத் தெரிவதில்லை.

ஆகவே ஐயா, தங்கள் சமூகத்தில் பணிந்து கேட்டுக்கொள்வது என்னவென்றால்: ஆஸ்பத்திரிகளின் பாக்கி தீரும்வரை வளரவேண்டாம். வளர்ந்தே ஆக வேண்டுமென்றால் ஆட்சி மாறாத வருஷமாகப் பார்த்து வளருங்கள்; பழைய அட்டை செல்லாமல் புது அட்டை வராமல் இருக்கிற மாதங்களில் அசையாதீர்கள். பிரம்மோத்சவத்தில் டாக்டர்களுக்கு டூட்டி போட்டுவிடுவார்கள், அப்போது வேண்டாம். மாங்காய் சீசனில் பணம் வரும் என்று நம்பி வளர்ந்துவிடாதீர்கள். செவ்வாய், வெள்ளி மட்டும் அழுத்தவும்.

தாங்கள் கேட்கமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்க ராணுவத் தளபதியாக இருந்த லியோனார்ட் உட்டுக்கு அந்தக் குஷிங்கே 1910இல் ஆபரேஷன் செய்தார். மிச்சம் மறுபடி வளர்ந்து, 1927இல் மறுபடி அறுத்தபோது செத்துப்போனார். ராணுவத் தளபதி உத்தரவுக்கே நிற்காத தாங்கள் கலெக்டரேட் மரத்தடி மனுவுக்கா நிற்கப்போகிறீர்கள்? தங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. தாங்கள் என் மூளைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களே தவிர, தங்களுக்கென்று மூளை கிடையாது. தெரியாமல் வளர்கிறீர்கள். பாக்கி இத்தனை கோடி, நின்றுபோன ஆபரேஷன் இத்தனை என்று ஃபைலில் படித்துத் தெரிந்துகொண்டே அடுத்த ஃபைலுக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மூளையும் வைத்துக்கொண்டு, மண்டை ஓடும் கெட்டியாக இருந்து, பிறத்தியான் தலைக்குள் வளர்வதை எடுக்கும் ஆபரேஷனை ஒப்பந்தப் பாக்கி என்று பெயரிட்டு ஒத்திவைக்கிறவன் கொலை செய்கிறான். கத்தி எடுக்காமல், கையெழுத்துப் போடாமல் செய்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நகல் ஒன்று இன்றைய முதலமைச்சருக்கு, ஒன்று நேற்றைய முதலமைச்சருக்கு. இருவரும் மாறி மாறி வருவதால் முகவரி மாற்ற வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிகளுக்குத் தர வேண்டியதை மாதா மாதம் தாருங்கள். தராத மாதம் எவ்வளவு பாக்கி, அதனால் எத்தனை ஆபரேஷன் நின்றது என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும், உங்கள் படம் இருக்கிற அதே ஃப்ளெக்ஸில், அதே சைஸ் எழுத்தில் போடுங்கள். ஒப்புதல் படிவத்தை இந்த மாவட்டத்தில் தெலுங்கிலும் தமிழிலும் அடியுங்கள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்குக் காலையில் தலைவலியும் வாந்தியும் நாள்பட இருந்தால், கை கால் இழுத்தால், விரதம் என்று விடாதீர்கள், ஸ்கேன் எடுங்கள். பாக்கி, ஸ்ட்ரைக், சர்வர் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் அதை எழுத்தில் கேளுங்கள். தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, அந்தக் காகிதத்தோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். வாசலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் மரத்தடியில் இருப்பேன். அந்த மனுவுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை.